கணினிக்குள் வளைய மறுத்த பட்டை

விழுப்புரத்தை அடுத்த கோலியனூர் கூட்டுரோட்டுப் பக்கம் எந்த வெல்டிங் பட்டறையிலும் ‘50க்கு 10 ஃபிளாட்’ என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். 50 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம் உள்ள பட்டை இரும்பு. அதை மேசை வைஸில் இறுக்கி, ஒரு மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, முனையில் ஒரு கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டால் அந்த முனை கிட்டத்தட்ட 4 மி.மீ. கீழே இறங்கும். பட்டை தன் எடையாலேயே 6 மி.மீ. அளவுக்கு முன்பே தொங்கியிருக்கும்; அது தனிக் கணக்கு. கல் இறக்குவது 4 மி.மீ. டிப்ளமோ மாணவர்கூட ஒரு வரிச் சூத்திரத்தில் போட்டுவிடக்கூடிய விடை இது. அளந்து பார்த்தாலும் அதுதான் வரும்.

இதே பட்டையைக் கணினிக்குள் பத்துச் சம துண்டுகளாகப் பிரித்து, மனதில் முதலில் தோன்றும் எளிய வழியில் நிரல் எழுதினால் வரும் விடை 0.12 மி.மீ. உண்மையில் முப்பத்துமூன்றில் ஒரு பங்கு! நிரலில் எழுத்துப் பிழை இல்லை, கூட்டல் பெருக்கலில் தவறில்லை. ஒரே துண்டாக விட்டால் இறக்கம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நூறு துண்டாக நறுக்கினாலும் 3 மி.மீ.க்கு மேல் போகாது. பட்டையின் கனத்தை 1 மி.மீ. ஆக்கிப் பார்த்தால் இன்னும் மோசம்: பத்துத் துண்டில் கணினி சொல்வது உண்மையில் மூவாயிரத்தில் ஒரு பங்குதான். பட்டை மெலிய மெலியக் கணினிக்குள் அது கல்லாய் இறுகுகிறது. பொறியாளர்கள் இதை ‘லாக்கிங்’ என்கிறார்கள்.

இந்தப் புதிரை அவிழ்த்ததில் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெரிய பங்கு உண்டு. அவிழ்த்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் இன்னொரு வகை அளவீட்டையும் இதே கண்ணோடு சோதித்தார். பேராசிரியர்களை எடைபோடும் அளவீடு அது. அந்த இரண்டு கதைகளும் சேர்ந்ததுதான் இது.

பெரிய கட்டுமானம் எதற்கும் ஒரு வரிச் சூத்திரம் கிடையாது. விமான இறக்கை, அணை மதகு, பாலத்துத் தூண் எதுவாக இருந்தாலும் வடிவம் கோணலாக இருக்கும், சுமை பல திசையில் வரும். அதனால் பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் நடத்தையையும் தோராயமாக எழுதி, மூட்டுகளில் எல்லாவற்றையும் கோத்து, ஆயிரக்கணக்கான சமன்பாடுகளாக்கிக் கணினியிடம் கொடுக்கிறார்கள். 1956இல் போயிங் நிறுவனத்தின் டர்னரும், பெர்க்லியின் ரே கிளஃபும் இன்னும் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்த வழியைப் பொறியாளர்களிடம் கொண்டுவந்தது. 1960இல் கிளஃப் அதற்கு ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்று பெயர் வைத்தார். அண்ணா பல்கலைக்கழக மெக்கானிக்கல் மாணவர்களுக்கு வருகிற எஃப்.இ.ஏ. பேப்பர் இதுதான். பரீட்சைக்கு முக்கோணத் துண்டு ஒன்றின் அணியைக் கையால் போட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கடுப்பு மறந்திருக்காது. ஆனால் அந்தப் பயிற்சியில்தான் சூட்சுமம் இருக்கிறது; மென்பொருளைத் திறந்து வண்ணப்படம் எடுப்பதில் இல்லை.

பட்டைக்குத் திரும்புவோம். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு விஷயங்களைக் கணக்கில் எடுக்கிறோம். ஒன்று, அந்த இடம் எவ்வளவு கீழே இறங்கியது. இரண்டு, அங்குள்ள குறுக்குவெட்டு எவ்வளவு திரும்பியது. இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று 1921இல் காட்டியவர் டிமோஷென்கோ. இறக்கத்தின் சரிவுக்கும் குறுக்குவெட்டின் திருப்பத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வெட்டு விகாரம். தடித்த உத்தரத்தில் அது கணிசமாக இருக்கும். மெல்லிய பட்டையில் அநேகமாகப் பூஜ்யம்.

நிரலில் எளிய வழி என்னவென்றால், இறக்கம், திருப்பம் இரண்டுமே துண்டுக்குள் நேர்க்கோட்டில் மாறுவதாக வைத்துக்கொள்வது. அங்கேதான் சிக்கல் பிறக்கிறது. இறக்கம் நேர்க்கோட்டில் மாறினால் அதன் சரிவு துண்டு முழுக்க ஒரே எண். திருப்பமோ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாறிக்கொண்டே போகிறது. மெல்லிய பட்டையில் இரண்டுக்கும் வித்தியாசமே இருக்கக் கூடாது என்று கணினி கட்டாயப்படுத்துகிறது. மாறாத பகுதியைப் பொறுத்தவரை இரண்டும் ஒத்துப்போய்விடும். மாறுகிற பகுதி திருப்பத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதை ஈடுகட்டச் சரிவில் எதுவுமே இல்லை. வேறு வழியில்லாமல் திருப்பம் மாறுவதையே நிறுத்திவிடுகிறது. திருப்பம் மாறாவிட்டால் வளைவு ஏது? அதுதான் 0.12 மி.மீ.

இதற்கு ஒரு குறுக்குவழி முன்பே புழக்கத்தில் இருந்தது. வெட்டு விகாரத்தைத் துண்டின் பல புள்ளிகளில் சோதிக்காமல் நடுப்புள்ளியில் மட்டும் சோதித்தால் போதும். விடை சரியாக வந்துவிடும். நமது பட்டைக்குப் பத்துத் துண்டில் 3.9 மி.மீ. ஒரே துண்டில்கூட 2.9 மி.மீ. வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸியில் இருந்த ஜீன்கீவிச்சும் கூட்டாளிகளும் 1971இலேயே தகடுகளுக்கும் ஓடுகளுக்கும் இந்த உத்தியைக் கையாண்டார்கள். வேலை நடந்தது. குறைவாகச் சோதித்தால் ஏன் அதிகத் துல்லியம் வருகிறது என்பதற்குத்தான் தெளிவான காரணம் கிடைக்கவில்லை. ‘தந்திரம்’ என்று சிலர் முகம் சுளித்தார்கள்.

ஐஐடி மெட்ராஸில் விமானப் பொறியியல் படித்து அங்கேயே முனைவர் பட்டமும் முடித்தவர் கங்கன் பிரதாப். சென்னையில் கணினி என்றாலே அபூர்வமாக இருந்த காலம். அந்த வளாகத்துக்கு 1973இல் வந்த ஐபிஎம் 370 பெரிய நிகழ்ச்சியாகப் பேசப்பட்டது. பிறகு பிரதாப் பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகத்தில் சேர்ந்தார். 1982இல் அவரும் பாஷ்யமும் சேர்ந்து எழுதிய கட்டுரை, துண்டுக்குள் எந்தப் பகுதி எதனோடு ஜோடி சேர்கிறது, எது ஜோடியில்லாமல் நின்று பட்டையை இறுக்குகிறது என்று பிரித்துக் காட்டியது. இறுக்கம் எத்தனை மடங்கு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடும் சூத்திரம் அதில் இருந்தது. மேலே சொன்ன முப்பத்துமூன்று மடங்கு, மூவாயிரம் மடங்கு எல்லாம் அந்தச் சூத்திரத்தில் எண்களை இட்டால் காகிதத்திலேயே வந்துவிடும், கணினியே தேவையில்லை. நடுப்புள்ளிச் சோதனை ஜோடியில்லாத பகுதியை மட்டும் கண்டுகொள்ளாமல் விடுகிறது, அதனால்தான் வெற்றி என்பதும் துலங்கியது. தந்திரம் என்று ஒதுக்கப்பட்டது கோட்பாடானது. 1990இல் பிரதாப்புக்குப் பட்நாகர் பரிசு கிடைத்தது.

ஒரு இரும்புப் பட்டைக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் ஸ்டவாங்கர் நகரத்துக்கு அருகே கடல் ஓடையில் ஸ்லெய்ப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளத்தை நீரில் அமிழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அறையின் சுவர் விட்டுக்கொடுத்தது. தண்ணீர் உள்ளே பாய, முழு அடித்தளமும் மூழ்கி ஓடையின் அடியில் மோதி நொறுங்கியது. அந்த மோதல் ரிக்டர் அளவில் 3 என்று நிலநடுக்கக் கருவிகளில் பதிவானது. இழப்பு சுமார் 70 கோடி டாலர். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. விசாரணையில் தெரியவந்தது இது: உருளைகள் சந்திக்கும் முக்கோண மூலையைக் கணினியில் முரட்டுத்தனமாகத் துண்டு போட்டிருந்தார்கள், அங்கே வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. அந்த எண்ணை நம்பிக் கம்பியும் கனமும் குறைவாக வைக்கப்பட்டிருந்தன. பிறகு நுணுக்கமாகப் போட்ட கணக்கு, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டர் ஆழத்தில்.

இது லாக்கிங் அல்ல, வேறு வகைக் கோளாறு. ஆனால் வேர் ஒன்றே. திரையில் வந்த எண் எப்படிப் பிறந்தது என்று யாரும் நோண்டிப் பார்க்கவில்லை.

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கட்டுமானம் சரிவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தென்பெண்ணையாற்றின் குறுக்கே தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை 2020இல் பயன்பாட்டுக்கு வந்தது. 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்தது, அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுபக்கமும் போனது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. தென்பெண்ணையின் மேல்பக்கம், திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில், திறந்து சில மாதங்களே ஆன பாலம் அடித்துச் செல்லப்பட்டது.

மணல் படுகையில் நிற்கும் எந்தக் கட்டுமானத்துக்கும் முதல் எதிரி, கண்ணுக்குத் தெரியாமல் அடியில் நடக்கும் வேலை. நீர் அடித்தளத்துக்குக் கீழே ஊடுருவி மறுபக்கம் மேலெழும்போது மணலைத் தூக்கிக்கொண்டு வந்தால், அடியில் பொந்து விழுந்து மேலே இருப்பது உட்காரும். இதைக் கணக்கில் கட்டிப்போட்டதில் ஒரு நல்ல இந்தியக் கதை இருக்கிறது. அடித்தளத்தை ஒட்டி நீர் ஊரும் தூரத்தை மட்டும் அளந்தால் போதும் என்று பிளை என்ற பொறியாளர் 1910இல் எளிய விதி ஒன்றைச் சொல்லியிருந்தார். அதன்படியே கட்டியும் பஞ்சாபில் மேல் செனாப் கால்வாயின் சைஃபன்கள் தொல்லை கொடுத்தன. பாசனப் பொறியாளர் ஏ.என். கோஸ்லா தளத்துக்கு அடியில் குழாய்களை இறக்கி அழுத்தத்தை அளந்தார். விதி சொன்னது ஒன்று, குழாய் காட்டியது வேறு. கணிதவியலாளர் என்.கே. போஸ், டெய்லர் இருவரோடும் சேர்ந்து 1936இல் அவர் வெளியிட்ட நூல், நீர் வெளியேறும் முனையில் அதன் உந்துதல் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு போட்டது. இன்றும் இந்தியாவில் தடுப்பணை வடிவமைப்பவர்கள் முதலில் போடுவது கோஸ்லா கணக்கைத்தான். கோஸ்லா பிறகு ரூர்க்கி பல்கலைக்கழகத் துணைவேந்தராகி, ஒடிசாவின் ஆளுநராகவும் ஆனார். கள அலுவலர் ஒருவர் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் காட்டாமலே இவ்வளவு தூரம் போக முடிந்த காலம் அது.

இன்று முடியாது. காகுப்பத்தில் இருக்கும் விழுப்புரம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியும் மேல்பாக்கத்தில் இருக்கும் திண்டிவனம் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள்; இரண்டும் 2008இல் தொடங்கியவை. அங்கே பி.இ. முடித்து ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர் முன்னால் உள்ள பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேட் தேர்வு, கிண்டியிலோ ஐஐடியிலோ ஒரு முதுநிலைப் பட்டம், பிறகு முனைவர் பட்டம். தரமணியில் உள்ள சிஎஸ்ஐஆர் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் போன்ற இடங்களிலும் ஆய்வு மாணவராகச் சேரலாம். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஐடி கம்பெனியில் சேர்ந்த வகுப்புத் தோழரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டத்தான் செய்வார்கள். ஆனாலும் ஒரு ஆளின் அன்றாடச் செலவுக்குக் கையேந்த வேண்டியதில்லை.

கையேந்த வேண்டியது அதற்குப் பிறகு, எண்களிடம். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எச்-இண்டெக்ஸ் எவ்வளவு? 2016 முதல் வரும் என்ஐஆர்எஃப் தரவரிசையிலும் கட்டுரை, மேற்கோள் எண்ணிக்கைகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதால் கல்லூரி நிர்வாகங்களும் ஆசிரியர்களை இதே தராசில் நிறுக்கின்றன. முனைவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது. வேலைக்கான நேர்காணலில் அந்தக் கேள்வி போய்விடவில்லை.

எச்-இண்டெக்ஸ், கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் சொன்னது. ஒருவருடைய 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு 10. எளிமைதான் அதன் கவர்ச்சி, அதன் ஓட்டையும் அதுவே. மூன்றே கட்டுரை எழுதி, மூன்றும் 90 முறை வீதம் மேற்கோள் பெற்றவருக்கு எச்-இண்டெக்ஸ் என்றைக்கும் 3தான். நிரல் எழுதிச் சரிபார்க்கவே ஆண்டுகள் பிடிக்கும் கணினி இயக்கவியல் போன்ற துறைகளில் இப்படிக் குறைவாக எழுதி ஆழமாக உழைப்பவர்கள் ஏராளம்.

பிரதாப் மறுபடி வருவது இங்கேதான். அறிவியல் தகவல்களுக்கான தேசிய நிறுவனமான நிஸ்கேரின் இயக்குநராக இருந்த அவர், ஆராய்ச்சியை அளக்கும் ஆராய்ச்சியில் இறங்கினார். மொத்த மேற்கோளை வர்க்கமாக்கி, கட்டுரை எண்ணிக்கையால் வகுத்து, கன மூலம் எடுத்தால் ஒரு எண் வரும். அதை அவர் பி-இண்டெக்ஸ் என்றார். மேலே சொன்ன மூன்று கட்டுரைக்காரருக்கு இந்தக் கணக்கில் 29. நூறு மேற்கோளைப் பத்துக் கட்டுரையில் பெற்றவருக்கு 10. அதே நூறு மேற்கோளுக்கு நூறு கட்டுரை எழுதித் தள்ளியவருக்கு 4.6தான். எண்ணிக்கையைப் பெருக்கினால் மதிப்பு இறங்குகிறது! வெப்ப இயக்கவியலில் ஆற்றலைப் பிரித்துப் பேசும் பாஷையிலேயே மேற்கோள்களையும் பிரித்துப் பேசினார். பிறகு 2014இல், மேற்கோள்கள் எல்லாக் கட்டுரைகளிலும் பரவலாக இருக்கின்றனவா, ஒன்றிரண்டில் குவிந்திருக்கின்றனவா என்பதையும் மூன்றாவது அம்சமாகச் சேர்த்தார்.

இதிலும் ஓட்டை உண்டு. சுயமேற்கோள், நண்பர் வட்டத்து மேற்கோள், பத்துப் பேர் பெயர் போட்ட கட்டுரை எல்லாம் பி-இண்டெக்ஸுக்குள்ளும் நுழையும். எந்தச் சூத்திரமும் தேர்வுக் குழுவில் இருப்பவர் கட்டுரையைப் படிப்பதற்கு ஈடாகாது. ஆனால் ஒரு எண்ணைத் தூக்கி எறிவதற்கும், அது எங்கே இறுகுகிறது என்று பிரித்துக் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பட்டைக்குச் செய்ததையே பிரதாப் பயோடேட்டாவுக்கும் செய்து பார்த்தார்.

கணினி இயக்கவியல் துறைக்கு வர நினைக்கும் இளைஞருக்குச் செலவு வைக்கும் கருவி எதுவும் வேண்டாம் என்பது ஒரு வசதி. லட்சக்கணக்கில் உரிமக் கட்டணம் கேட்கும் மென்பொருள்களுக்கு மாற்றாக கால்குலிக்ஸ், கோட் ஆஸ்டர் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. இஸ்ரோவின் திருவனந்தபுரம் மையம் ஃபீஸ்ட் என்று சொந்தமாகவே ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறது. என்பிடெல் பாடங்கள் கைபேசியில் வருகின்றன. கோலியனூர்ப் பட்டையின் கணக்குக்குப் பைத்தானில் அறுபது எழுபது வரி போதும். அதைச் சொந்தமாக எழுதி, 0.12 வந்து திகைத்து, ஏன் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவருக்கும், மெனுவில் கிளிக் செய்து 3.9 எடுத்தவருக்கும் நேர்காணலில் வித்தியாசம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். துரதிருஷ்டவசமாக, நமது கல்லூரிப் புராஜெக்ட்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. சிவப்பும் நீலமுமாகப் படம் அச்சடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, வைவா முடிந்ததும் பரணில் ஏறிவிடும்.

செய்வதற்கு வேலையோ மலையளவு கிடக்கிறது. வெள்ளத்தில் பாலத்துத் தூணைச் சுற்றி மணல் அரித்துக் குழி விழுவதைக் கணினியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீர் ஓட்டத்துக்கு ஒரு கணக்கு, தூணுக்கு ஒரு கணக்கு, மணலுக்கு ஒரு கணக்கு, மூன்றும் ஒன்றையொன்று பாதிக்கும். மணலை மணி மணியாக எடுத்துக்கொண்டு மோதல்களைக் கணக்கிடும் வழியை கண்டல், ஸ்ட்ராக் இருவரும் 1979இல் வகுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அரை மில்லிமீட்டர் மணிகளாக எடுத்தால் ஒரு கன மீட்டர் ஆற்று மணலில் ஏறத்தாழ 900 கோடி மணிகள் இருக்கும். ஒரு தூணைச் சுற்றி விழும் குழி பல நூறு கன மீட்டர். எந்தக் கணினியும் அத்தனை மணிகளையும் ஒரு முழு வெள்ள நாளுக்குத் தனித்தனியாகத் துரத்திக்கொண்டிருக்க முடியாது. மணிகளைக் கூட்டமாகச் சேர்த்து, கூட்டத்துக்கு ஒரு விதி எழுதியாக வேண்டும். எதைச் சேர்த்தால் எது இறுகிப்போகும், எதை விட்டால் எது பொய் சொல்லும் என்பதைத் தென்பெண்ணையின் மணலை அள்ளிச் சல்லடையில் சலித்து, ஆய்வகத் தொட்டியில் நீர் விட்டு அரிப்பை அளந்து, கணக்கோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஆறு காகுப்பத்திலிருந்து பைக்கில் போகிற தூரம்தான்.